நிலவுக்காக நான் சொன்னதும் நீங்கள் எழுதியதும்

கிராணி அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். 'ழ' எழுதினால் நண்டு மாதிரி வருகிறது. ஜூரோங் கப்பல் பட்டறையில் நாலு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு இரும்பில் நேர்க்கோடு போட்ட கை இது. வெல்டிங் குச்சியைப் பிடித்தபோது நடுங்காத விரல்கள் ஒரு பேனாவைப் பிடித்ததும் ஆடுகின்றன. நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். ஆனால் பார்க்க முடியாது. நீங்கள் செத்துப் பதினொரு மாதம் ஆகிறது. நான் இருக்கிறேன், எழுதவும் படிக்கவும் செய்கிறேன். இதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

இந்த மடலை ஆறு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துதான் எனக்குப் புதிது, சொற்கள் புதிதல்ல. முப்பது வருடம் உங்கள் வாயால் பத்திரிகை கேட்டவன் நான். தலையங்கம், வாசகர் பக்கம், மரண அறிவிப்பு எல்லாம் காதிலேயே கிடக்கின்றன. எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தால் வகுப்பு டீச்சரிடம் கேட்பேன். அதுவும் ஒரு சொல்லை மட்டும் தனித்தாளில் எழுதிக் காட்டுவேன். முழு மடலையும் காட்ட மாட்டேன். படித்தால் அந்த அம்மா என்னோடு பேசமாட்டார்.

எதிர்ச் சுவரில் அது தொங்குகிறது. பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டிய அந்த அரைப் பக்கம், என் பெயரில் இதழில் வந்த கடிதம். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் விழும்போது சூடான பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்கப் பரவும். இரண்டு வருடமாக அதை என் பெருமையின் வாசனை என்று நினைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். இன்றும் அதே வாசனைதான் என்னை இந்த மேசைக்கு இழுத்து வந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும். பட்டறையில் நீங்கள் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வருகைப் பதிவேடு உங்கள் கையில். நான் வெல்டர். சம்பளத் தாளில் கட்டைவிரல் வைக்க வரிசையில் நின்றபோது, "கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். "கண்ணாடிய மறந்துட்டேன் கிராணி," என்றேன். எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது. நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கும் மறந்துட்டு வா," என்றீர்கள். அன்றிலிருந்து என் ரகசியம் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. நீங்கள் அதை யாருக்கும் காட்டவில்லை. அவ்வப்போது எனக்கு மட்டும் எடுத்துக் காட்டினீர்கள்.

பட்டறையை விட்டபின் தேக்கா சந்தையில் கோப்பிக் கடை. தினமும் குடிக்கும் தே என் செலவு, வாசிப்பு உங்களுடையது. கடைக்காரர் பாய் கொண்டுவந்து வைக்கும் கண்ணாடி டம்ளரின் ஆவிக்கு மேல் பத்திரிகையை விரிப்பீர்கள். மேசையில் நாலைந்து பேர் சேர்வார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் வாசிப்பதாக நடிப்பீர்கள். எனக்காகத்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும். கடிதம் எழுதுவதிலும் நமக்கு ஒரு முறை இருந்தது. "நீ வாய்க்கு வந்தபடி பேசு வேலு, நான் சீர் பண்ணிக்கிறேன்," என்பீர்கள். மேல்வீட்டுக் குழாய் என் சமையலறையில் ஒழுகியபோது, "இவனுங்க எல்லாம் தூங்குறானுங்களா, செத்துட்டானுங்களா?" என்று நான் சொன்னேன். வீடமைப்புக் கழகமான வீவகவுக்குப் போன கடிதத்தில் அது "தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்" என்று ஆகியிருந்தது. மூன்றாம் நாள் ஆட்கள் வந்து சரிசெய்தார்கள். என் வாயில் எவ்வளவு சாக்கடை ஓடினாலும் உங்கள் பேனா வழியாகத் தண்ணீராக வரும் என்று நான் நம்பிய காலம் அது.

நமக்குள் சண்டை ஒன்றே ஒன்றுதான். நிலா.

நான் ஏன் அதைப் பிடித்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். காற்றே இல்லாத இடத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி போகிறது, உள்ளே மூச்சுவிடும் மனிதன் இருக்கிறான் என்று நீங்கள் வாசித்த நாளில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்தப் பெட்டியின் தையலை எவனோ ஒரு வெல்டர் போட்டிருக்கிறான். ஊசி முனை ஓட்டை விட்டிருந்தாலும் உள்ளே இருப்பவன் செத்தான். என் ஜாதி ஆள் ஒருவன் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறான். அன்று முதல் நான் நிலவின் கட்சி.

நம் அரசாங்கமும் விண்வெளி வேலைக்குப் பணம் ஒதுக்குகிறது என்று ஒரு நாள் வாசித்தீர்கள். அதே பக்கத்தில் இரண்டு போர்ச் செய்திகள். பத்திரிகையை மடித்து மேசையில் அடித்தீர்கள்.

"இத்துனூண்டு ஊரு. ராக்கெட்ட எங்கருந்துலா விடுவாங்க? நம்ம புளோக் மொட்டமாடியிலிருந்தா?"

"ராக்கெட் விட வேணாம் கிராணி. மேல சுத்துற சின்னப் பெட்டி செஞ்சா போதும். மழை எப்ப வரும், கப்பல் எங்க நிக்குதுன்னு அது சொல்லும்."

"குண்டு எங்க போடணும்னும் அதுதாண்டா சொல்லும். ராக்கெட் மூக்க நிமித்தி வெச்சா நிலா, சாய்ச்சு வெச்சா அடுத்தவன் வீடு. ரெண்டும் ஒரே சாமான். அவனவன் அடிச்சுக்கிட்டுச் சாகுற நேரத்துல இதுக்கு எதுக்குச் செலவு?"

"அடிச்சுக்கிற ரெண்டு நாட்டுக்காரனும் மேல ஒரே டப்பாக்குள்ளதான் இருக்கான். ஒருத்தன் விட்ட மூச்ச இன்னொருத்தன் இழுத்துக்கிட்டு."

"கீழ ஒருத்தன் மூச்ச இன்னொருத்தன் நிறுத்திக்கிட்டு இருக்கான். அதயும் சொல்லு."

மேசை சிரிக்கும். பாய் வந்து, "ரெண்டு பேரும் நிலாவுக்கே போயிடுங்க லா, எனக்கு மேசையாச்சும் காலியாவும்," என்பார். அந்தக் காலைகளில் நான் இளைஞனாக இருந்தேன், கிராணி. நீங்களும்தான்.

பிறகு ரவி செத்தான்.

உங்கள் ஒரே பிள்ளை. சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. வரைபடமும் திசையும் பார்ப்பது அவன் வேலை. எந்த நாட்டுச் சண்டைக்கும் சம்பந்தமில்லாத கப்பல். குறுகலான ஒரு கடலில் போய்க்கொண்டிருந்தது. கரையிலிருந்து வந்த ஏவுகணை அவன் நின்ற இடத்திலேயே விழுந்தது. பெட்டி மூடியே வந்தது. நானும் தூக்கினேன். பட்டறையில் எத்தனையோ பாரம் தூக்கியவன், அந்தப் பெட்டி லேசாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் மறுபடியும் கடைக்கு வந்தீர்கள். நான் தே வாங்கிவைத்தேன். நீங்கள் பத்திரிகை விரித்தீர்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று முட்டாள்தனமாக நினைத்தேன். ஒரு மாதம் போயிருக்கும், நிலவுச் செய்தி ஒன்று வந்தது. நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். நீங்கள் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்.

"எம் பையனக் கொன்னதும் அதே நெருப்புதான் வேலு. நீ கைதட்டுற நெருப்பு."

பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ கொலைகாரன் மாதிரி.

முப்பது வருடச் சண்டையை நீங்கள் ஒரு சவப்பெட்டியை மேசைமேல் வைத்து முடித்துவிட்டீர்கள். மறுநாளும் அதைச் சொன்னீர்கள். அதற்கு மறுநாளும் சொன்னீர்கள். மழை பற்றிப் பேசினாலும் ரவி வந்தான். எனக்கு உங்கள்மேல் இரக்கம் இருந்தது. அது தீர்ந்துபோன நாளும் ஒன்று வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

தேக்காக் கடைகளில் சும்மா கிடைக்குமே, அந்த மாத இதழில் 'விண்வெளிக்குச் செலவு தேவையா?' என்று வாசகர்களிடம் கேட்டிருந்தார்கள். நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணி, ரவியைப் பெற்றவர், சமையலறையில் இருந்தார். "எம் பேர்ல ஒரு கடிதாசி எழுதணும் கிராணி," என்றேன். நீங்கள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தாளை எடுத்தீர்கள்.

நான் சொன்னதை இப்போது என் கையாலேயே எழுதுகிறேன். "கப்பல்ல போறவன் சாவுக்குத் துணிஞ்சுதான் போறான். செத்தா அவன் அப்பன் அழுவான். அழட்டும். கையில ஒரு துண்டக் குடுத்து முகத்தத் தொடச்சுக்கச் சொல்லுங்க. அந்த அழுகைக்காக நிலாவுக்குப் போறத நிறுத்தச் சொல்றது சுயநலம்."

இந்த நாலு வரி எழுத எனக்கு ஒரு முழு வாரம் ஆனது. அன்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அது அப்படியே பத்திரிகைக்குப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. அது உங்கள் காதுக்காகச் சொன்னது. நீங்கள் வழக்கம்போலச் சீர்செய்துவிடுவீர்கள், ஊருக்கு நல்ல கடிதம் போகும், உங்களுக்கு மட்டும் அடி விழும். அதுதான் என் கணக்கு. உங்கள் பேனா நிற்கவில்லை. முகம் மாறவில்லை. எழுதி முடித்துத் தாளைத் தூக்கிப் பிடித்து எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நீங்கள் வாசித்தது இது.

"போர்க் காலத்தில் வானத்துக்குச் செலவா என்று கேட்கிறார்கள். கொல்வதைத் தவிர வேறு வேலையும் தனக்குத் தெரியும் என்று மனிதன் தனக்கே காட்டிக்கொள்ள வேண்டிய காலம் இதுதான். பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் என் நண்பர். அவர் இந்தச் செலவு வேண்டாம் என்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர் பிள்ளை கடைசி நாள்வரை வானத்திலிருந்து வந்த குறிப்பை வைத்துத்தான் கப்பலுக்கு வழி சொன்னான். அவன் வழி தவறிச் சாகவில்லை. வழியில் நின்றவர்கள் கொன்றார்கள். வழி காட்டியதைக் கைவிட்டால் அவன் கற்ற வேலையையும் சேர்த்துக் கைவிட்டதாகும்."

"ஆமா, இதத்தான் சொன்னேன்," என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன். நீங்கள், "தெரியும். நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன்," என்றீர்கள்.

இதழ் வந்ததும் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். என் பெயர் அச்சில்! வே. வேலாயுதம், ரோவல் சாலை. என் பெயரின் வடிவம் மட்டும் எனக்குப் படமாகத் தெரியும். பாய்க்கு ஒன்று கொடுத்தேன். மேசையில் ஆளுக்கொன்று கொடுத்தேன். நீங்கள் அங்கேயே மறுபடியும் எனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தீர்கள், அதே வரிகள், ஒரு சொல்கூட மாறாமல். உங்கள் வீட்டுக்கு வந்து, "படிச்சுப் பாருங்க அண்ணி," என்று அண்ணியின் கையிலும் ஒன்று கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். நாலாக மடித்தார். "நல்லா அச்சாகியிருக்கு வேலு," என்றார்.

மிச்சத்தில் ஒன்றை லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு பாய் எனக்குத் தே வைத்தால் டம்ளர் மேசையில் இடிக்கும். மேசைக்காரர்கள் நான் உட்கார்ந்தால் எழுந்து போவார்கள். "பேர் பேப்பர்ல வந்துட்டா சும்மாவா கிராணி? பொறாம," என்று உங்களிடம் சொன்னேன். "பொறாமதான்," என்றீர்கள் நீங்கள். என்னோடு உட்கார்ந்தது நீங்கள் ஒருவர்தான். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். மூச்சுக் குழாயை விலக்கிவிட்டுப் பேசினீர்கள்.

"கண்ணாடிய மறந்துட்டேன்னு இனி யார்கிட்டடா சொல்லுவ?"

நான் அழுதேன்.

"எழுத்துப் படிச்சுக்கோ வேலு. சுவத்துல உம் பேர் தொங்குது. ஒரு நாளாச்சும் நீயே அதப் படிக்கணும். எனக்குச் சத்தியம் பண்ணு."

உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். எவ்வளவு அன்பு, சாகும்போதும் என் படிப்பைப் பற்றிக் கவலை என்று தாதியிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். அந்தப் பெண்ணும் அழுதாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. மருந்து மயக்கம் என்று நினைத்தேன்.

உங்கள் காரியம் முடிந்த அடுத்த மாதமே சமூக மன்றத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. எழுபத்து மூன்று வயதில் 'அ' எழுதினேன். சந்தோஷம் தாங்கவில்லை. சிராங்கூன் சாலை அதுவரை எனக்கு வாசனையும் நிறமும்தான். மல்லிகை மணந்தால் பூக்கடை, கண் கூசினால் நகைக்கடை. இப்போது ஒவ்வொரு பலகையும் என்னோடு பேசுகிறது. ஒரு நாள் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, கதவுக்கு மேலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி, "டோ... பி... கா... ட்" என்று சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் நின்ற பெண் பாவப்பட்டு, "அங்கிள், நெக்ஸ்ட் ஸ்டாப் தான் லா," என்றாள். "எனக்கே தெரியும்மா," என்றேன். இறங்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் டோபி காட்டில் இறங்கினேன். படித்த ஊரில் இறங்காமல் எப்படி?

சுவரில் இருந்ததை மட்டும் தொடவில்லை. கடைசி வாய்க்கு வைத்திருக்கும் இனிப்பு மாதிரி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து, ஓரளவு தடுமாறாமல் வாசிக்க வந்ததும், குளித்து, விபூதி பூசி, நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் வாசித்த கடிதம் எனக்கு மனப்பாடம். அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் சொல் "போர்" என்று இருக்க வேண்டும். "கப்பலில்" என்று இருந்தது.

எனக்கு இன்னும் படிக்க வரவில்லை என்று பயந்துவிட்டேன். மறுபடியும் கூட்டினேன். க, ப், ப, லி, ல். கப்பலில். அடுத்த சொல். அதற்கடுத்தது. மனதில் இருந்ததும் கண்ணில் பட்டதும் ஓரிடத்திலும் சேரவில்லை. கடைசியில் ஒரு சொல் சுத்தமாகப் புரியவில்லை. அதைத் தாளில் பார்த்தெழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினேன். "சுயநலம்," என்றார் அவர். "எங்க படிச்சீங்க ஐயா?" என்று கேட்டார். "வீட்டுச் சுவத்துல," என்றேன்.

நீங்கள் என் பேச்சை அப்படியே எழுத்துத் தமிழாக மாற்றியிருந்தீர்கள். அவ்வளவுதான். துண்டு அப்படியே இருந்தது. அழட்டும் என்பது அப்படியே இருந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னதை ஒன்றுகூடச் சீர்செய்யாமல் எழுதியிருந்தீர்கள். ஊர் முழுக்கப் படித்தது. பாய் படித்தார். அண்ணி என் கையிலிருந்தே வாங்கிப் படித்தார். படிக்காதவன் நான் ஒருவன்தான், அதை மாட்டி வைத்தவனும் நான்தான்.

சிரித்தேன், கிராணி. சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலி ஆடச் சிரித்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, "ஓக்கேயா?" என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். என்ன ஆள் நீங்கள்! வெடிகுண்டை என் சுவரிலேயே மாட்டவைத்து, அதைக் கொளுத்த எட்டு மாதம் என்னையே வகுப்புக்கு அனுப்பியிருக்கிறீர்கள். செத்தவன் கையால் இவ்வளவு சுத்தமான அடி வாங்கியவன் தேக்காவில் வேறு யாரும் இருக்க மாட்டான். சிரித்து முடித்தபின் முதல் சொல்லிலிருந்து மறுபடியும் படித்தேன்.

உங்களுக்குத் தெரியாத பாதியை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் போனபின்னும் அண்ணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இடியாப்பம் கொண்டுவருகிறார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி சுவரில் தொங்கும் அந்தத் தாளுக்கு நேர் எதிரே. இரண்டு வருடமாக அவர் அந்த வரிகளுக்கு எதிரே உட்கார்ந்துதான் என்னிடம், "இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க," என்று சொல்லியிருக்கிறார். போன மாதம் வந்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. நான் கழற்றி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன்.

நான் எழுத்து வகுப்புக்குப் போவது அவருக்குத் தெரியும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"அப்ப படிச்சுட்டீங்க."

"அண்ணி, நான்..."

"எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன்.

"வாய்விட்டுப் படிங்க. இப்ப வருதுல்ல?"

"வேணாம் அண்ணி."

"எனக்குக் கொண்டாந்து குடுத்தப்ப வேணும்னு இருந்துச்சுல்ல? படிங்க வேலு."

படித்தேன். தடுமாறாமல் படிக்க எனக்கு இன்னும் வராது. ஒவ்வோர் எழுத்தாக, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி, ரவியின் அம்மா முன்னால், சா-வு-க்-கு, து-ணி-ந்-து. நின்ற இடத்திலெல்லாம் அவர் காத்திருந்தார். ஓரிடத்தில் ஒரு சொல்லை விழுங்கினேன். "விட்டுட்டீங்க," என்றார். திரும்பப் படித்தேன். அந்தச் சொல் 'அழட்டும்'. முடிக்கும்போது இடியாப்பம் ஆறிப்போயிருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"அதெல்லாம் வேணாம். அதுக்குள்ள மன்னிப்பக் கேட்டுக் கணக்க முடிச்சுடலாம்னு பாக்குறீங்களா?" என்றார். பிறகு, "உங்களுக்கு இப்படி வாசிச்சிருக்க மாட்டாரே. எப்படி வாசிச்சாரு?" என்று கேட்டார்.

மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். 'அவன் வழி தவறிச் சாகவில்லை' என்ற இடத்தில் அண்ணி கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இது யாரு சொன்னது?"

"கிராணிதான். நான் சொன்னதச் சீர் பண்ணினாருன்னு நெனச்சேன்."

"ரவி போனதுலேருந்து சாகுறவரைக்கும் எங்கிட்ட அவன் பேர எடுத்ததில்ல. ஒரு வார்த்த பேசினதில்ல. நான் பேசினா எழுந்து வெளிய போயிடுவாரு." அவர் குரல் மாறவே இல்லை. "உங்ககிட்ட வந்து பேசியிருக்காரு. அதுவும் உங்க கடிதாசியில."

நான் ஆறிப்போன பாத்திரத்தை மூடிவைத்தேன்.

"அது எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்ல அண்ணி. அவரு வாயில இருந்துச்சு. இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப எழுதிக் குடுங்க. வாரத்துக்கு நாலு வரி போதும். அத எடுக்க இனி வாராவாரம் வர்றேன். நீங்க செத்துட்டா அதுவும் போயிடும்." பிறகு எழுந்து, லேமினேட் தாளை என் கையிலிருந்து வாங்கி, பழைய ஆணியிலேயே மாட்டினார். "இது இங்கதான் இருக்கணும். நான் வர்றப்ப எதிர்ல இருக்கணும்."

அது அங்கேதான் இருக்கிறது. இனிக் கழற்ற மாட்டேன்.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் கேட்டால் நிலவுக்குப் போகத்தான் சொல்வேன். சண்டை ஓயட்டும், பிறகு மேலே பார்க்கலாம் என்று காத்திருந்தால் எந்தத் தலைமுறையும் தலையைத் தூக்காது. ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் என் வாதத்தில் ரவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே விட்டால் வாதம் பொய்யாகிறது. உள்ளே கொண்டுவந்தால் துண்டு ஞாபகம் வருகிறது. அவனை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நிலவே வேண்டாம் என்ற நீங்கள்தான் நிலவுக்காக நான் கேட்டதிலேயே மிக நல்ல நாலு வரியைச் சொன்னீர்கள். என்னை ஏமாற்றுவதற்காகச் சொன்னீர்கள். வேறு எப்படியும் உங்களால் சொல்ல முடியவில்லை என்று அண்ணி நினைக்கிறார். எனக்குத் தெரியாது.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை, கிராணி. அண்ணிக்கு எழுதிக் கொடுப்பதை நல்ல தாளில், இந்தக் கோணல் எழுத்திலேயே எழுதப் போகிறேன். அடியில் என் பெயர் இருக்காது. உங்கள் முழுப் பெயர் இருக்கும். அதே லேமினேட் கடைக்குப் போவேன். உங்கள் வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் உங்கள் படத்துக்கு நேர் கீழே ஆணி அடிப்பேன். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிப்பான், நிலவுச் செலவை ஆதரித்து நீங்கள் சொன்னதாக. உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் பேசியதாக. உங்களால் கழற்ற முடியாது.

இந்த வாரம் இரண்டாவது வரியில் 'மனிதன்' வரைக்கும் வந்திருக்கிறேன். மூன்று தாள் கெட்டுப்போனது. அண்ணி வருகிற சனிக்கிழமைக்குள் அந்த வரியை முடித்துவிட்டு, எப்படி வந்தது என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். அதுவரை சும்மா படுத்திருங்கள். உங்களுக்கு வேறு வேலை என்ன?

கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதியது,
வேலு